உங்களிடமிருந்து அந்த மனையை யார் வாங்குவார்?

கேள்வி: எனக்கு வயது 41. பதினான்கு ஆண்டுகளாகச் சேமித்த பணம் கையில் இருக்கிறது. நகரத்துக்கு வெளியே ஒரு காலி மனையும், நகரத்துக்குள் பன்னிரண்டு ஆண்டுப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்கு விடப்பட்டிருக்கும் ஒரு வீடும் விலைக்கு வந்திருக்கின்றன. மனைக்கு என் சேமிப்பு முழுவதும் போய்விடும். வீட்டுக்கு அதோடு வங்கிக் கடனும் தேவைப்படும். புதிய சாலை வரப்போவதால் மனையின் விலை ஐந்து ஆண்டுகளில் இரு மடங்காகும், நிலத்தின் விலை என்றைக்கும் இறங்காது என்கிறார் தரகர். நாங்கள் குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது. இது முதலீட்டுக்காக மட்டும். எதை வாங்கலாம்? வேறொருவரும் பேசிக்கொண்டிருப்பதால் இந்த வாரத்துக்குள் முன்பணம் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் முன்பணம் கொடுக்காதீர்கள். சொத்து மதிப்பீட்டுத் தொழிலில் இருபத்து மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். 'பேசிக்கொண்டிருக்கும் அந்த வேறொருவரை' இரண்டு மூன்று முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் உண்மையாகவே இருந்து, மனையை வாங்கிக்கொண்டு போனாலும் உங்களுக்கு ஒரு மனை தவறும், அவ்வளவுதான். ஆராயாமல் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மனை தவறியது எவ்வளவு சின்ன விஷயம் என்று சொல்வார்கள்.

அடுத்து, தரகரின் கணக்கு. ஐந்து ஆண்டுகளில் இரு மடங்கு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சதவீதக் கூட்டு வளர்ச்சி. அது அவ்வளவு நிச்சயம் என்றால் இப்போதைய உரிமையாளர் ஏன் இன்றைக்கு விற்கிறார்? மருத்துவச் செலவு, பாகப் பிரிவினை, வெளியூர்க் குடியேற்றம் என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். சொன்ன காரணம் உண்மைதானா என்று அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

நிலத்தின் விலை இறங்காது என்பதை ஜப்பானில் யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே 1991இல் உச்சத்துக்குப் போன நில விலை, அரசு வெளியிடும் நாடு தழுவிய சராசரியின்படி அடுத்த பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர் கடனைக் கட்டி முடித்து ஓய்வு பெறும் வயதிலும் வாங்கிய விலையைப் பார்த்திருக்க மாட்டார். இன்னும் நீண்ட கணக்கு ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஹேரன்கிராக்ட் என்ற கால்வாயின் கரையில் செல்வர்கள் கட்டிய வீடுகளின் விற்பனை விலைகளை 1628 முதல் 1973 வரை பியட் ஐஷோல்ட்ஸ் என்ற பொருளியலாளர் தொகுத்தார். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட 350 ஆண்டுகளில் அந்த வீடுகளின் மதிப்பு சுமார் இரு மடங்குதான் ஆகியிருந்தது. அந்த நகரத்தின் மிகச் சிறந்த முகவரிகளில் ஒன்றின் கதை இது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. நிலத்தின் பக்கம் ஒரு வலுவான சான்றும் இருக்கிறது. க்னோல், ஷுலாரிக், ஸ்டெகர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 14 நாடுகளின் வீட்டு விலைகளை 1870இலிருந்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு விலை ஏறியதில் சுமார் 80 சதவீதம் நிலத்தின் விலை ஏறியதால் வந்தது என்பது அவர்கள் கண்டது. செங்கலும் சிமென்டும் தேயும். அவற்றின் அடியில் இருக்கும் இடம்தான் விலை ஏறுகிறது. வரிச் சட்டங்களும் இதை ஒப்புக்கொள்கின்றன: அமெரிக்காவில் வாடகை வீட்டின் கட்டட மதிப்பை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாக, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அதன் நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. ஆனால் 16 நாடுகளை ஆராய்ந்த இன்னொரு நீண்டகால ஆய்வு, வீட்டு முதலீட்டில் கிடைத்த மொத்த வருவாயில் ஏறத்தாழ பாதி வாடகையாக வந்தது என்கிறது. காலி மனை அந்தப் பாதியைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறது. எனவே மனையின் விலை ஏறினால் மட்டும் போதாது, வாடகை வராத குறையையும் ஈடுகட்டும் அளவுக்கு ஏற வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை. உங்கள் எண்களைப் போட்டு மறுபடி செய்துகொள்ளுங்கள். மனையின் விலை 100. பத்திரச் செலவு, வரி, தரகு, அளவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8. வேலி, சொத்து வரி, புதர் வெட்டுதல் என்று ஆண்டுக்கு அரை. பத்து ஆண்டுகளில் விலை இரு மடங்காகி 200க்கு விற்கிறீர்கள். விற்கும் செலவு 2. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஆண்டுக்கு 7.2 சதவீத வளர்ச்சி. உங்கள் கைக்கு வருவது 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. லாபத்தின் மீதான வரியை நான் இன்னும் கழிக்கவில்லை. இதே காலத்தில் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால், உங்கள் பணத்தின் வாங்கும் சக்தி ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூடக் கூடியிருக்காது. ஆனாலும் 'இரு மடங்காகிவிட்டது' என்றுதான் உறவினர்கள் பேசிக்கொள்வார்கள்.

இனி என் சொந்தக் கதை. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் நானும் ஒரு மனை வாங்கினேன். அடுத்தவர் மனைகளுக்கு மதிப்புப் போடும் எனக்கு, என் மனைக்கு ஒருவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. மனைக்குப் போகும் பாதையில் வண்டி தாராளமாகப் போனது. விற்பவர் அதில்தான் என்னை அழைத்துப் போனார். நான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பாதையின் குறுக்கே ஒரு கம்பி வேலி முளைத்தது. பாதை பக்கத்து நிலத்துக்காரருடையது. பழக்கத்தினால் விட்டிருந்தார், இப்போது அவர் மகன் விடவில்லை. என் பத்திரத்தில் பாதை உரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. அதன் பிறகு ஏழு ஆண்டுகளில் வாங்க வந்தவர்கள் எல்லோரும் வேலியைப் பார்த்துத் திரும்பினார்கள். கடைசியில் அந்த மனையை வாங்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். வேலி போட்டவர். விலையை அவர்தான் சொன்னார்.

அன்றிலிருந்து என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதை உங்களிடமிருந்து யார் வாங்குவார்? வயது, வேலை, தேவை என்று அந்த ஆளை மனத்தில் வரைந்து பாருங்கள். அவர் பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்குவார். அவருடன் ஒரு வழக்கறிஞரும், ஒரு நில அளவையாளரும், குறை கண்டுபிடிப்பதில் தேர்ந்த ஒரு மாமனாரும் வருவார்கள். அவர்கள் அன்றைக்குக் கேட்கப்போகும் ஒவ்வொன்றையும் நீங்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

முதலில் உரிமை. பதிவு செய்த பத்திரம் இருக்கிறதே என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். உலகில் இரண்டு வகையான பதிவு முறைகள் உண்டு. ஒன்றில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அரசே உறுதி தருகிறது. ராபர்ட் டோரன்ஸ் 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த சட்டத்தில் தொடங்கி இது பல நாடுகளுக்குப் பரவியது. மற்றொன்றில், இன்னார் இன்னாருக்கு இப்படி ஓர் ஆவணம் எழுதிக் கொடுத்தார் என்ற செய்தி மட்டுமே பதிவாகிறது. எழுதிக் கொடுத்தவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவு அலுவலகம் பொறுப்பேற்காது. உங்கள் ஊரில் இருப்பது இரண்டாவது முறை என்றால், மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் பார்க்க வேண்டும். சங்கிலி அறுந்திருக்கும் இடங்கள் எனக்குப் பழக்கமானவை: இறந்தவரின் வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் விட்டது, அப்போது சிறுவராக இருந்தவரின் பங்கை உரிய அனுமதியின்றி விற்றது, தீராத அடமானம், தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் இறந்த பிறகும் அதை வைத்து விற்பனை நடந்தது. இவற்றை நீங்களே படித்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரைத் தவிர்த்து, நீங்களே ஒருவரைத் தேடி, எழுத்தில் கருத்துக் கேளுங்கள். வாய்மொழிக் கருத்துக்குப் பிற்பாடு மதிப்பில்லை.

கடன் தேவைப்படாவிட்டாலும் வங்கியில் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். வங்கியின் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். அவர்கள் தங்கள் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள், உங்கள் லாபத்தை அல்ல. ஆனால் வங்கி 'வேண்டாம்' என்று சொன்ன சொத்தை நாளைக்கு உங்களிடமிருந்து கடனில் வாங்க யாரும் வர முடியாது. அந்த ஒரு தகவலுக்காகவே விண்ணப்பக் கட்டணம் தகும்.

சாலைக்கு வருவோம். வரப்போகும் சாலை என்பது செய்தித்தாள் அறிவிப்பாக இருக்கலாம், வரைபடத்தில் ஒரு கோடாக இருக்கலாம், நிலம் கையகப்படுத்தி நிதி ஒதுக்கிய வேலையாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கின்றன, சில சாலைகள் கோடாகவே முடிந்துபோகின்றன. திட்ட அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சாலை உயர்த்திக் கட்டப்பட்டு, உங்கள் பகுதியில் இறங்குவழியே இல்லாமல் போகலாம்; அப்போது உங்கள் மனைக்குக் கிடைப்பது இரைச்சல் மட்டும்தான். அல்லது அந்தக் கோடு உங்கள் மனையின் மீதே போகலாம். சாலை வரும் என்று தரகர் சொன்னது அப்போதும் பொய்யாகாது.

அதே அலுவலகத்தில் அந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை தளம் கட்டலாம், நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேளுங்கள். குறுகலான மனையில் விட வேண்டிய இடத்தை எல்லாம் விட்டபின் ஒரு படுக்கையறை அகலம்தான் மிஞ்சும் என்பதை வாங்கிய பிறகு கண்டவர்கள் உண்டு. மேலே மின்கம்பி போனால் அதற்கும் தனி இடைவெளி விட வேண்டும். அளவையாளரை வைத்து நான்கு மூலைகளையும் அளந்து கல் நடுங்கள், அண்டை நிலத்தார் முன்னிலையில். பத்திரத்தில் உள்ள பரப்பும் தரையில் உள்ள பரப்பும் வேறுபட்டால், இரண்டில் குறைவானதற்குத்தான் விலை பேச வேண்டும்.

மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்த இடம் முன்பு குளமா, வயலா, கல் தோண்டிய பள்ளமா? கொட்டி நிரப்பிய மண் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். அடித்தளத்துக்கு இரட்டிப்புச் செலவு வைக்கும். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் நிலநடுக்கத்தின்போது ஈர மணல் குழம்பாகி, அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமல் முழுதாகவே சாய்ந்தன. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2010, 2011 நிலநடுக்கங்களுக்குப் பிறகு, சுமார் 8,000 வீடுகள் இருந்த நிலத்தை இனிக் குடியிருக்க ஏற்றதல்ல என்று அரசு ஒதுக்கிவிட்டது. உங்கள் பகுதியில் நிலநடுக்கம் இல்லை என்றாலும் மழை பெய்யும். பெருமழை பெய்து முடிந்த அன்றே போய்ப் பாருங்கள், தரகர் இல்லாமல். வெயில் காலத்தில் பார்க்க நேர்ந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இதைவிட மலிவான ஆய்வு எதுவும் இல்லை.

இனி அந்த அடுக்குமாடி வீடு. இதில் நீங்கள் வாங்குவது நான்கு சுவர்களும், அடியில் உள்ள நிலத்தில் ஒரு பங்கும், மற்ற உரிமையாளர்களோடு ஒரு கூட்டு வாழ்க்கையும். முதலாவது பன்னிரண்டு ஆண்டு தேய்ந்தது. இரண்டாவதன் அளவு பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடம் இடிக்கப்படும் காலத்தில் உங்களிடம் மிஞ்சுவது அதுதான். மூன்றாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை. அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழுது நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் பாக்கி, மொட்டைமாடிக் கசிவுக்கு எத்தனை கூட்டங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

அமெரிக்காவின் புளோரிடாவில் சர்ப்சைடு என்ற இடத்தில் 1981இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் பகுதியாக இடிந்து 98 பேர் இறந்தார்கள். 2018இலேயே ஒரு பொறியாளர், நீச்சல் குளத் தளத்தின் கீழே கான்கிரீட் சிதைவைச் சுட்டி அறிக்கை கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற விவாதம் நீண்டது. இது உச்சபட்ச உதாரணம். அன்றாட உதாரணம் இதுதான்: நீங்கள் வாங்கிய ஆறாம் மாதம், மின்தூக்கியை மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு கடிதம் வரும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் விலையில் கழிக்கலாம்.

குடியிருப்பவரிடம் பேசுங்கள். வாடகை எவ்வளவு என்று விற்பவர் சொன்னதும் அவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். அவர் கொடுத்த முன்வைப்புத் தொகையை யார் திருப்பித் தருவது என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பதும் முக்கியம். தண்ணீர் வருகிறதா, குளியலறைச் சுவர் ஊறுகிறதா என்பதை மதிப்பீட்டாளரைவிட அவர் நன்றாகச் சொல்வார், இலவசமாக.

வாடகைக் கணக்கில் மொத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டின் விலை 100, ஆண்டு வாடகை 4 என்று வையுங்கள். காலியாகக் கிடக்கும் ஒரு மாதம், சங்கக் கட்டணம், வரி, சாயம், குழாய் எல்லாம் போனால் 2.6 நிற்கலாம். விலையில் 80ஐ 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் முதல் ஆண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 7.2. மீதி 4.6ஐயும், அதற்கு மேல் அசலையும் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டப்போகிறீர்கள். விலை 10 சதவீதம் இறங்கினால் நீங்கள் போட்ட 20இல் பாதி போய்விடும். கடன் லாபத்தைப் பெருக்கும் என்பதை மட்டும் சொல்பவர்கள் அது நஷ்டத்தையும் அதே விகிதத்தில் பெருக்குவதைச் சொல்வதில்லை.

என் தீர்ப்பைக் கேட்டிருக்கிறீர்கள், நழுவ மாட்டேன். சேமிப்பு முழுவதையும் கொண்டுபோய் ஒரு மனையில் வைப்பதற்கு நான் எதிரி. குடும்பத்தில் யாராவது மருத்துவமனையில் படுத்தால் மனையின் ஒரு மூலையை மட்டும் விற்க முடியாது. ஓராண்டுக் குடும்பச் செலவை எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தில் கணக்குப் போடுங்கள். அந்த மிச்சத்துக்குப் பெரிய மனை கிடைக்காது; ஊருக்குள் சிறிய மனை கிடைத்தால் பாருங்கள். இரண்டில் ஒன்றைத்தான் என்றால் அந்த வீட்டின் பக்கம் சாய்வேன், ஆனால் விலையில் பாதிக்கு மேல் கடன் இல்லாமல், சங்கக் கணக்கைப் படித்த பிறகு. கடன் பாதியைத் தாண்டும் என்றால் அந்த வீடும் வேண்டாம். ஓராண்டு பொறுத்திருப்பதில் வெட்கமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மனைதான் மனத்தில் நிற்கிறது என்றால், தரகரிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தேவையில்லை. ஒரு தாளில் ஐந்து நிபந்தனைகளை எழுதிக் கொடுங்கள். முன்பணம் சிறு தொகையாக, வங்கி வழியாக, உரிமையாளரின் கணக்குக்கு மட்டும் போகும். ஒப்பந்தக் காலம் 45 நாள். அளவையாளர் அளந்ததில் பரப்பு குறைந்தால் விலை அதே விகிதத்தில் குறையும். பொதுச் சாலையிலிருந்து மனைவரை சட்டப்படியான பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்படும். என் வழக்கறிஞர் உரிமையில் குறை என்று எழுத்தில் கருத்துச் சொன்னால் முன்பணம் முழுவதும் ஏழு நாளில் திரும்ப வரும். விற்பவர் இதில் கையெழுத்திட்டால் தாராளமாகக் கொடுங்கள். மறுத்தால், எத்தனையாவது நிபந்தனையைப் படித்தபோது முகம் மாறியது என்று தரகரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து மேலே பேசலாம்.